அந்நிய முதலீடுள்ள இணையக் கடை இந்தியாவில் தானே சரக்கு வாங்கி விற்க முடியுமா?

பொதுவாக முடியாது. 100 சதவீத அந்நிய முதலீடு சந்தைத் தளத்துக்கு மட்டும்தான். அது இடம் தரலாம், சரக்கு அடுத்தவருடையதாக இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1 முதல் பிடி இறுகியது. ஒரு விற்பனையாளர் தன் கொள்முதலில் 25 சதவீதத்துக்கு மேல் தளத்திடமோ அதன் குழும நிறுவனங்களிடமோ வாங்கினால், அவர் சரக்கு தளத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும். தளம் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் அதே தளத்தில் விற்கவும் கூடாது.

ஓட்டை எங்கே? 26 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை இருந்தால், அல்லது இயக்குநர் குழுவில் பாதிக்கு மேற்பட்டோரை நியமிக்க முடிந்தால்தான் 'குழும நிறுவனம்'. அமேசான் தளத்தில் பெரிய விற்பனையாளராக இருந்த கிளவுட்டெயிலின் தாய் நிறுவனத்தில் அமேசான் தன் பங்கை 49-லிருந்து 24 சதவீதமாக இறக்கியது சும்மா இல்லை. முழுக்க உள்நாட்டு முதலீட்டில் நடக்கும் கடைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.