லயத்துக்குத் தீயணைப்பு வண்டி வரும்போது: கேள்வி பதில்

இலங்கை மலையகத்து நகரம் ஒன்றின் தீயணைப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள்; அதில் ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, எங்கள் லயம் எரிந்த அன்று வண்டி வருவதற்குள் ஆறு காம்பரா போய்விட்டது. தோட்டப் பக்கம் ஏன் ஒரு வண்டி வைக்க மாட்டேன் என்கிறார்கள்? (மஸ்கெலியா)

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. நம் நாட்டில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. கண்டி, நுவரெலியா மாநகர சபைகளுக்குச் சொந்தப் பிரிவு உண்டு. ஹட்டன்–டிக்கோயா நகர சபைக்கும் உண்டு. தோட்டங்களோ பெரும்பாலும் பிரதேச சபை எல்லைக்குள் வருகின்றன. அந்தச் சபைகள் பலவற்றிடம் வண்டியே கிடையாது. அதனால் பக்கத்து நகரத்து வண்டிதான் வளைவு வளைவாக ஏறி வரவேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். இனி உங்கள் உறுப்பினரிடம் வண்டி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வண்டியில் வருகிறவர்களில் யாருக்கு என்ன வேலை? (பண்டாரவளை)

பொறுப்பாளர் முதலில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பார். அவர் சும்மா நிற்கிறார் என்று சனம் திட்டும். உள்ளே ஆள் இருக்கிறார்களா, தீ எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் ஆளை அனுப்ப முடியாது. சாரதி பம்பை விட்டு நகரமாட்டார். மூச்சுக் கருவி போட்ட இருவர் சோடியாக உள்ளே போவார்கள். சிலிண்டரில் உள்ள காற்று, கடுமையாக வேலை செய்தால் சுமார் அரைமணி நேரத்துக்குத்தான் வரும்.

அவ்வளவு பெரிய வண்டியில் தண்ணீர் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டதே, அது எப்படி ஐயா? (தலவாக்கலை)

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியில் 4,000 லிட்டர் இருந்து, ஒரு ஹோஸ் நிமிஷத்துக்கு 400 லிட்டர் அடித்தால் பத்தே நிமிஷம்தான். இரண்டு ஹோஸ் பிடித்தால் ஐந்து. அப்புறம் பவுசர் (தண்ணீர்த் தாங்கி லொறி) வரவேண்டும், இல்லாவிட்டால் ஆற்றிலோ குளத்திலோ உறிஞ்ச வேண்டும்.

இங்கேதான் மலை நம்மைச் சோதிக்கிறது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயில் காற்றை வெளியேற்றினால், வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அது கணக்கின்படி அதிகபட்சம் 10 மீட்டர் அளவு ஏறும். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெல்லியது, ஏறக்குறைய 8 மீட்டர்தான். குழாயின் உராய்வையும் கழித்தால் இன்னும் குறையும். ஆறு பள்ளத்தில் ஓடும், வண்டி மேலே ரோட்டில் நிற்கும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தும் எடுக்க முடியாமல் நின்ற நாட்கள் எனக்கு உண்டு. லயம் ரோட்டுக்கு மேலே இருந்தால், ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் பம்ப் அழுத்தத்தில் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) போய்விடும்.

அதனால் வண்டி கிட்டப் போய் நிற்கக்கூடிய இடத்தில் தோட்டத்துக்கு ஒரு தொட்டி கட்டிவைத்தால், இன்னொரு வண்டி வாங்கியதற்குச் சமம். பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்) இராப்பகலாக வீணாக ஓடுகிறதே, அதைத் திருப்பிவிட்டாலே தொட்டி நிறையும்.

ஒரு காம்பராவில் பிடித்த தீ எப்படி முழு லயத்துக்கும் போகிறது? (ஹட்டன்)

கூரை வழியாகத்தான், தங்கச்சி. பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைத் தகரம் வரை போவதில்லை. மேலே ஒரே நீளமான வெளி. சூடும் புகையும் அதில் ஓடி, நாலாவது வீட்டுப் பரணில் அடுக்கிய மிலாறை (தேயிலைச் செடியில் வெட்டிய விறகை) பிடித்துவிடும். சுவரைத் தகரம் வரை கட்டி இடுக்கை அடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். பழைய வயரில் ஒரு பிளக்கில் நாலு சாமான் மாட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

தீயணைப்பு அவசர எண் 110க்கு எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? (புசல்லாவை)

தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. ஒரே தோட்டத்தில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இருக்கும். பிரிவைச் சொல்லுங்கள், எந்தச் சந்தியில் திரும்புவது, பாலம் பெரிய வண்டியைத் தாங்குமா, தண்ணீர் எங்கே இருக்கிறது, உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்பதையும் சொல்லுங்கள். சொன்னதும் ஒரு பையனை டோர்ச் லைட்டோடு அந்தச் சந்தியில் நிறுத்துங்கள். பனிமூட்டத்தில் நாங்கள் சந்தியைத் தாண்டிப் போய், வண்டியைத் திருப்ப இடமில்லாமல் தவித்திருக்கிறோம்.