சின்ன விரலுக்கு நகர வேண்டும்

கேள்வி: மகளுக்குப் பொம்மை வீட்டு கிட் ஒன்று வாங்கினோம். ஜன்னல் கதவுகள் மேலும் கீழும் நகரும் வகை. முதலில் பொருத்திப் பார்த்தபோது நன்றாக ஏறி இறங்கின. வெள்ளை பெயின்ட் அடித்த பிறகு நான்கில் மூன்று அசையவில்லை. மரம் சரியில்லையா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மரத்தின் மேல் குறை இல்லை அம்மா. இந்த கிட்கள் பெரும்பாலும் 12-ல் ஒரு பங்கு அளவில் வருபவை. அதில் அரை மில்லிமீட்டர் பெயின்ட் ஏறினால், நம் வீட்டு ஜன்னலில் 6 மில்லிமீட்டர் ஏறியதற்குச் சமம். எப்படி நகரும்? போதாக்குறைக்கு இது ஐப்பசி. குன்னூரில் என் பட்டறையிலேயே இந்த மழைக்கு மரம் ஈரம் குடித்து உப்பிக் கிடக்கிறது.

இழுத்துப் பார்க்காதீர்கள், குச்சி முறிந்துவிடும். மெல்லிய பிளேடை ஓரமாக விட்டுப் பெயின்டை அறுத்துக் கதவை வெளியே எடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கணப்பு அருகில் வைத்தால் கோணிக்கொள்ளும். துணிக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரியில் பல்பு எரிய விடுவோமே, அங்கே பல்பை ஒட்டாமல் இரண்டு நாள் வையுங்கள். அப்புறம் பள்ளத்திலும், அதில் ஓடும் விளிம்பிலும் உள்ள பெயின்டை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். அந்த இடத்துக்கு நிறம் வேண்டாம். ஈரம் ஏறாமலிருக்க வார்னிஷ் மெல்லிசாக ஒரு கை போதும். காய்ந்ததும் 400 நம்பரால் லேசாகத் தடவி, மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்.

ரொம்பவும் தேய்த்துவிடக் கூடாது. பெரிய வீட்டில் இந்த வகை ஜன்னலைத் தாங்கச் சட்டத்துக்குள் எடைக்கட்டி தொங்கும். இதில் அது கிடையாது, உராய்வில்தான் நிற்கிறது. லூசாகிவிட்டால் பள்ளத்தில் ஒரு காகிதக் கீற்றை ஒட்டுங்கள்.

கண்ணாடிக்குப் பதிலாக வரும் அக்ரிலிக் தகட்டை பெயின்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகே போடுங்கள். உடனே பிடிக்கும் சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம். பேத்தியின் பொம்மை வீட்டுக்கு அவசரத்தில் அதை வைத்தேன். மறுநாள் தகடு முழுக்க, துடைத்தாலும் போகாத வெள்ளைப் புகை. அவள் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. மூலைக்கு ஒரு பொட்டு ஃபெவிகால் போதும், நிதானமாகக் காயட்டும்.

உள்பக்கச் சட்டத்தைக் கடைசி வரை ஒட்டாதீர்கள். மகளையே ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அவள் விரலுக்கு நகர்ந்தால் ஒட்டுங்கள்.