அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்றால் தங்கைக்கும் வருமா?

கேள்வி: என் அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய். எனக்கு வரன் பார்க்கிறார்கள். எனக்கோ, பிறக்கப்போகும் பிள்ளைக்கோ வருமா? மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்: உங்கள் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். எனக்கு அக்கா. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. திருச்சி மே மாத வெயிலில் ஃபேனைப் போட விடமாட்டாள். அந்தச் சத்தத்துக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பாள். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்துவிட்டு, அப்புறம்தான் மனநல மருத்துவரிடம் போனோம். சொந்தக்காரர்கள் பழியை அம்மா மேல் போட்டார்கள். ஒன்று, வளர்ப்பு சரியில்லை. இல்லையென்றால் அம்மா வழி ரத்தம் சரியில்லை.

வளர்ப்புப் பழிக்கு 1966லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஓரிகனில் லெனர்ட் ஹெஸ்டன் என்ற மருத்துவர், மனச்சிதைவு நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பார்த்தார். ஐந்து பேருக்கு அதே நோய். நோயில்லாத தாய்க்குப் பிறந்து அதே மாதிரி பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆக, ரத்தத்தில் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்த 47ல் மீதி 42 பேரையும் பாருங்கள்.

பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் சுமார் ஒன்பது என்று பழைய ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். தாய்மாமனுக்கு மட்டும் இருக்கிற பிள்ளைக்கு நான்கு. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும் நோய் என்பதால், வயது ஏற ஏற உங்கள் கணக்கு இன்னும் குறையும்.

நெட்டில் ‘80 சதவீதம் பரம்பரை’ என்று படித்துவிட்டு நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அக்காவின் டாக்டர்தான் புரியவைத்தார். உயரத்துக்கும் கிட்டத்தட்ட அதே 80தான் சொல்வார்கள். ஊரில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்று இருக்கிற வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு அது. உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அல்ல. 2018ல் வந்த டென்மார்க் இரட்டையர் ஆய்வில் பரம்பரைப் பங்கு 79 சதவீதம். அதே ஆய்வில், அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் இன்னொருவருக்கு இருந்தது 33 சதவீதம்தான். இரண்டு எண்ணும் ஒரே தாளில் இருக்கின்றன. பயமுறுத்துகிறவர்கள் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

டெஸ்ட்டா? காசை மிச்சம் பிடியுங்கள். இதற்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. 2022ல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துத் தேடியதில் மரபணுத் தொகுதியில் 287 இடங்கள் சிக்கின. ஒவ்வொன்றும் கடுகளவு வேலை செய்வது. பல இடங்கள் பைபோலார் என்கிற இருதுருவ மனநோய்க்கும் பொது. அந்தத் தரவு பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது என்பதால், அதை வைத்து ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் போடும் மதிப்பெண் நமக்கு இன்னும் சரியாகப் பொருந்துவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இந்த வகை மனநோய் வருகிறது. அண்ணனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறோ அண்ணப் பிளவோ (வாயின் மேல்கூரையில் பிளவு) இருந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கு மட்டும் பரிசோதனைக்கு அர்த்தம் இருக்கிறது.

மற்றபடி, குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறவர்கள் கஞ்சா பக்கமே போகக்கூடாது. இதை உங்களுக்காகச் சொல்லவில்லை, வீட்டில் தம்பி யாராவது இருந்தால் அவன் காதில் போடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள். என் கல்யாணத்தின்போது “மூச்சு விடாதே” என்றார் தரகர். நான் கேட்கவில்லை. இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது இடத்தில் நான் மேலே சொன்ன எண்களையெல்லாம் ஒப்பித்து முடித்ததும் என் மாமனார் கேட்டது ஒன்றுதான்: “அக்கா இப்ப மாத்திரை ஒழுங்கா போடுதா தம்பி?”