கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றால்…

கேள்வி: கார் இன்சூரன்ஸோடு ‘ரோடு சைடு அசிஸ்டன்ஸ்’ இருக்கிறது. மோட்டார் சங்கத்திலும் உறுப்பினராகச் சேரச் சொல்கிறார் நண்பர். இரண்டும் வேண்டுமா? ஏற்காடு மலைப்பாதையில் வண்டி நின்றால் உதவி கிடைக்குமா?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அவசர உதவிக்கு மட்டும் என்றால் ஒன்று போதும். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துப் போவார்கள், வருடத்துக்கு எத்தனை முறை, மலைப்பாதைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பாலிசியில் இப்போதே பார்த்துவிடுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் (பேட்டரி இறங்கினால் வேறு பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்வது), ஸ்டெப்னி மாற்றுவது, டோ செய்வது (இழுத்துப் போவது) எல்லாம் வழக்கமாக இதில் அடங்கும். உதிரிபாகச் செலவு பெரும்பாலும் உங்களுடையதுதான்.

போனில் ‘ஏற்காடு ரோடு’ என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா என்பதை முதலில் சொல்லுங்கள். அடிவாரப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பலகையில் இருக்கும் வளைவு எண்ணையும், ஏறும்போது நின்றதா இறங்கும்போதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் வண்டியை முழுதாக ஏற்றிப்போகும் பிளாட்பெட் கேளுங்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸில் ஆயில் சுற்றாது. சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே தேய்ந்துவிடும்.

‘கயிறு கட்டி இறக்கிவிடுகிறேன்’ என்று யார் சொன்னாலும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல் மாதிரி இறுகும், ஸ்டியரிங்கும் கனக்கும். அந்த இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து.

இறங்கும்போது கருகிய வாடை வந்து, பெடல் பொதபொதவென்று உள்ளே போகிறதா? பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கும். புது ‘டாட் 3’ வகை பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, நன்றாக ஆறவிடுங்கள். பிரேக் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான பிரேக் டிஸ்க் கோணிவிடும். பெடல் பழையபடி இறுகாவிட்டால் ஓட்டவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, இரண்டாம் கியரில் இறங்கினால் இந்த நிலை வருவது அரிது.

முக்கோண எச்சரிக்கைப் பலகையை வளைவுக்கு முன்பே வையுங்கள். வளைவு தாண்டி வைத்தால் வருகிறவருக்குத் தெரியாது.

கேள்வி: ஜப்பானில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். அங்கே கார் ஓட்டலாமா?
- வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: ஓட்டலாம். உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, ரூ.1,000 கட்டி, சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். பாஸ்போர்ட், விசா நகல் தேவை. அனுமதி ஓராண்டு செல்லும். அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் அதோடு இதுவும் முடியும். ஒரிஜினல் லைசென்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள்.