புது லேப்டாப்புக்கு ட்ரான்ஸ்பரன்ட் ஃபிலிம்: எங்க ஒட்டலாம், எங்க விட்டுடணும்

மதுரையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேர்றா, ஹாஸ்டல்ல தங்கப் போறா. அவளுக்கு சில்வர் கலர்ல மெல்லிசா அலுமினியம் பாடி லேப்டாப் வாங்கியிருக்கோம். கீறல் விழாம இருக்க ட்ரான்ஸ்பரன்ட் ஷீட் ஒட்டலாம்னு இருக்கேன். ஸ்கூல் புக்குக்கு அட்டை போட வாங்கின ஒட்டுற ரோல் வீட்ல மிச்சம் இருக்கு, மொபைல் கடைல டிபியு ஷீட்னு ஒண்ணு குடுத்தாங்க, அதையும் வாங்கி வெச்சிருக்கேன். கடைக்காரர் மேல, கீழ, கீபோர்டு சுத்தி, ஸ்க்ரீன், எல்லாத்துக்கும் ஒட்டிடலாம்கிறார். லேப்டாப் சூடாகுமா? பின்னாடி உரிச்சா பசை நிக்குமா? நானே ஒட்டலாமா?"

அக்கா, நீங்களே தாராளமா ஒட்டலாம். ஆனா எல்லா இடத்துலயும் வேணாம். மூடியோட வெளிப்பக்கம் ஒட்டுங்க, அங்கதான் பைக்குள்ள சார்ஜர் பின்னும் சாவியும் உரசி கோடு விழுறது. அப்புறம் கை வெச்சு டைப் பண்ற பாம் ரெஸ்ட், அதுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு, கீழ சொல்றேன். அடிப்பக்கம், ஸ்க்ரீன், கீபோர்டு இதையெல்லாம் விட்டுடுங்க.

முதல்ல அந்த புக் கவர் ரோலை எடுத்து பீரோவுல வெச்சுடுங்க, அது புக்குக்கே இருக்கட்டும். அந்த மாதிரி ரோல் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்புல விறைப்பான பொருள், அதை வளையவெக்க உள்ள ஒரு எண்ணெய் மாதிரியான சரக்கு கலப்பாங்க, அது நாளாக நாளாக வெளிய கசியும், கசிஞ்சதும் ஃபிலிம் சுருங்க ஆரம்பிக்கும், சுருங்கினா ஓரத்துல பசை மட்டும் கோடு மாதிரி வெளிய தெரியும், அதுல தூசி ஒட்டி கறுப்பு பார்டர் கட்டிடும். நம்ம ஊர் வெயிலுக்கு மஞ்சளும் ஆகும். புக்கு ஒரு வருஷத்துல பழைய பேப்பர் கடைக்குப் போயிடும், லேப்டாப் நாலு வருஷமாவது ஓடணும்ல.

டிபியு, அதாவது யூரித்தேன் வகை பிளாஸ்டிக், நல்ல சரக்கு. 1960-கள்ல வியட்நாம் போர்ல ஹெலிகாப்டர் இறக்கைங்க மணல் அடிச்சு தேயுதுன்னு யூரித்தேன் ஃபிலிம் ஒட்ட ஆரம்பிச்சாங்க, அதோட வாரிசுதான் இப்போ கார் பெயின்ட்டுக்கு ஒட்டுற பிபிஎஃப். ரப்பர் மாதிரி இழுபடும், மெல்லிசான கீறல் விழுந்தா லேசான சூட்டுல தானாவே மறைஞ்சுடற வகையும் இருக்கு. ஆனா டிபியுலயே ரெண்டு ஜாதி உண்டு, அலிஃபேட்டிக், அரோமேட்டிக்னு. அலிஃபேட்டிக் வெயில்ல சீக்கிரம் மஞ்சளாகாது, அரோமேட்டிக் ஆகும், விலை கம்மியா கிடைக்கிறதுல அரோமேட்டிக் நிறைய. கடைல "மஞ்சளாகாத அலிஃபேட்டிக்கா"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா ஷீட்டுல ஒரு துண்டு வெட்டி வெள்ளைப் பேப்பர்ல ஒட்டி, பாதியை அட்டையால மறைச்சு, மொட்டை மாடி வெயில்ல சில வாரம் போட்டுப் பாருங்க. வெயில் பட்ட பாதி நிறம் மாறினா அந்த ஷீட் வேணாம். காலேஜ் திறக்க இன்னும் நாள் இருந்தா இந்த டெஸ்டை கண்டிப்பா பண்ணுங்க.

தடிமனும் கேளுங்க. காருக்கு ஒட்டுற பிபிஎஃப் 150-ல இருந்து 200 மைக்ரான் வரைக்கும் இருக்கும். மூடியோட வெளிப்பக்கத்துக்கு அது பரவாயில்லை. பாம் ரெஸ்ட்டுக்கு அது ஆகவே ஆகாது, நான் சொன்ன கண்டிஷன் இதுதான். இப்போ வர்ற மெல்லிசு லேப்டாப்ல மூடினா ஸ்க்ரீனுக்கும் கீழ் பாடிக்கும் நடுவுல இடமே கிடையாது. கேமரா மேல ஒட்டுற கவர் பிரின்ட்டர் பேப்பரை விட, அதாவது 0.1 மில்லிமீட்டரை விட, தடியா இருக்கக் கூடாதுன்னு ஆப்பிள் கம்பெனியே சொல்லியிருக்கு, மூடும்போது ஸ்க்ரீன் விரிசல் விட்டுடும்னு. 0.1 மில்லிமீட்டர்னா 100 மைக்ரான். உங்க ஷீட் அதுக்கு மேல இருந்தா பாம் ரெஸ்ட்டை விட்டுடுங்க, மூடிக்கு மட்டும் போதும். அதுக்குக் கீழ இருந்தா ஒட்டலாம், ஆனா ஸ்க்ரீனைச் சுத்தி கறுப்பா ஒரு ரப்பர் பார்டர் இருந்தா, மூடும்போது அது கீழ் பாடியில எந்தக் கோட்டுல உக்காருதுன்னு பார்த்து, அந்தக் கோட்டுக்கு உள்ளயே ஃபிலிம் முடிஞ்சுடணும். இவ்வளவு கஷ்டப்பட்டு பாம் ரெஸ்ட்டுக்கு எதுக்குன்னா, வியர்வை உப்பு. சில பேர் கைக்கு அலுமினியத்துல மணிக்கட்டு படுற இடம் புள்ளி புள்ளியா அரிச்சுப் போயிடும், சர்வீஸுக்கு வர்ற பழைய மெஷின்கள்ல இதை நான் அடிக்கடி பாக்குறேன், அரிச்சப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பொண்ணுக்கு உள்ளங்கை அதிகமா வேர்க்குற உடம்புன்னா பாம் ரெஸ்ட்டுக்கு கண்டிப்பா மெல்லிசு ஷீட் தேடி வாங்குங்க.

டச்பேடுக்கு வேணும்னா தனித் துண்டா வெட்டுங்க, பாம் ரெஸ்ட்டோட சேர்த்து ஒரே ஷீட்டா மூடிட்டா கிளிக் அமுங்காது, சுத்தி இருக்கிற இடுக்கு திறந்தே இருக்கணும். பவர் பட்டன்ல கைரேகை சென்சார் இருந்தா அது மேலயும் போகக் கூடாது, ஸ்பீக்கர் ஓட்டை, மைக் ஓட்டை எதையும் மறைக்கக் கூடாது.

சூடாகுமான்னு கேட்டீங்க. மூடியில ஒட்டுறதால ஆகாது, மூடிக்குள்ள இருக்கிறது ஸ்க்ரீன், ப்ராசசர் கீழ இருக்கு. அடிப்பக்கம் ஒட்டினாதான் பிரச்சனை. ஃபேன் இருக்கிற மெஷின் நிறைய அடியில இருந்துதான் காத்தை இழுக்கும், ஓட்டையில ஒரு ஓரம் மறைஞ்சாலும் ஃபேன் கத்த ஆரம்பிச்சுடும், ஃபேன் இல்லாத மெஷின்னா அந்த அலுமினியம் பாடி வழியாத்தான் சூடு வெளிய போகணும். போதாததுக்கு அடியில சீரியல் நம்பர் இருக்கும், ஸ்க்ரூ இருக்கும், வாரன்டில சர்வீஸ் சென்டருக்குப் போனா முதல் வேலையா உரிச்சு எறிஞ்சுடுவாங்க. கீபோர்டு மேல சிலிகான் கவரும் வேணாம், சில மாடல் கீபோர்டு இடுக்கு வழியாவும் காத்து இழுக்கும், கவரை எடுக்க மறந்து மூடினா அது ஸ்க்ரீன்லயும் அமுங்கும்.

ஸ்க்ரீனுக்கு ஏன் வேணாம்கிறேன்னா, அது மேல கண்ணு கூசாம இருக்க ஒரு கோட்டிங் இருக்கு, பசை உள்ள ஃபிலிமை ஒட்டி பின்னாடி உரிக்கும்போது அந்தக் கோட்டிங் திட்டுத் திட்டா வந்துடற ஆபத்து உண்டு. நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒண்ணு வாங்கிக் குடுங்க, போதும்.

இப்போ ஒட்டுற முறை. மூடியை மட்டும் வெச்சு சொல்றேன், பாம் ரெஸ்ட்டுக்கும் இதேதான்.

அளவை பேப்பர்ல எடுங்க. ஏ4 ரெண்டை டேப் போட்டு சேர்த்து மூடி மேல விரிச்சு, ஓரத்தை விரல் நகத்தால அழுத்தி மடிப்பு விழவெச்சு, அந்த மடிப்புல இருந்து சுத்தி 1 மில்லிமீட்டர் உள்ளயே வெட்டுங்க. ஓரம் வரைக்கும் ஃபிலிம் போனா பையில இருந்து எடுக்கும்போதெல்லாம் துணி அதைத் தூக்கும், சீக்கிரம் உரியும். மூலைய வளைவா வெட்டுங்க, கூர் மூலை இருந்தா முதல்ல அதுதான் எழும்பும், வளைவுக்கு ஒரு 1 ரூபாய் காசை வெச்சு கோடு போட்டுக்கலாம். பேப்பர் மூடில சரியா உக்காருதுன்னு பார்த்ததுக்கு அப்புறமா அதை ஷீட்டோட பின் பேப்பர் மேல வெச்சு வரைஞ்சு கத்திரியால வெட்டுங்க, வரையும்போது பேப்பரைத் திருப்பிப் போட்டு வரையணும், இல்லைன்னா இடது வலது மாறிடும். எக்காரணம் கொண்டும் லேப்டாப் மேல வெச்சு பிளேடு போடாதீங்க, பிளேடு அலுமினியத்தோட மேல் பூச்சைக் கீறிடும், அந்தக் கோடு மறையவே மறையாது.

ரூம் முக்கியம். சீலிங் ஃபேனை நிறுத்துங்க, ஜன்னலைச் சாத்துங்க, மாடியில துணி உதறுற நேரத்துல செய்யாதீங்க. லேப்டாப்பை ஷட் டவுன் பண்ணணும், ஸ்லீப்ல விடக் கூடாது, சார்ஜரைக் கழட்டிடுங்க. அலுமினியத்தை 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் லேசா நனைச்ச துணியால துடைங்க, மெடிக்கல் ஷாப்ல ஸ்பிரிட் ஸ்வாப்னு கேட்டா கிடைக்கும். (இது அலுமினியத்துக்கு மட்டும்தான். ரப்பர் மாதிரி மெத்துன்னு கோட்டிங் போட்ட லேப்டாப் வெச்சிருக்கிறவங்க ஆல்கஹாலும் போடாதீங்க, ஃபிலிமும் ஒட்டாதீங்க, உரிக்கும்போது கோட்டிங்கே கூட வந்துடும்.)

லேப்டாப் வந்த டப்பாவுல ஸ்க்ரீனுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஷீட் இருந்திருக்குமே, அதைத் தூக்கிப் போடலைன்னா நடுவுல வெச்சு மூடுங்க. மூடி மேல நீங்க தேய்க்கிற அழுத்தம் நேரா ஸ்க்ரீனுக்குத்தான் போகும், ஸ்க்ரீன் கீபோர்டு மேல அமுங்கினா பட்டன் தடம் விழலாம், அதிகமா போனா பேனலே போயிடும். அதனால அழுத்தி ஒரு தடவை தேய்க்கிறதை விட மெதுவா பல தடவை தேய்ங்க.

கார் கடைல சோப்புத் தண்ணி அடிச்சு ஒட்டுறதைப் பார்த்திருப்பீங்க. லேப்டாப்புக்கு உலர்ந்த முறைதான் நல்லது, ஹிஞ்சு (மூடி மடங்குற கீல்) வழியா தண்ணி உள்ள போனா லேப்டாப்புக்கே வேலை வெச்சுடும். ஃபிலிமை பின் பேப்பரோடவே மூடி மேல சரியா வெச்சு, நடுவுல மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பட்டை மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்துங்க. இப்போ இடது பாதியை மட்டும் டேப் வரைக்கும் தூக்கி, அந்தப் பாதியோட பின் பேப்பரை உரிச்சு வெட்டி எடுங்க. பேப்பரை வேகமா உரிச்சா ஸ்டாட்டிக் உண்டாகி சுத்தி இருக்கிற தூசியெல்லாம் வந்து ஒட்டும், மெதுவா. ஃபிலிமை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டே டேப் பக்கத்துல இருந்து ஓரம் நோக்கி, துணி சுத்தின பழைய ஏடிஎம் கார்டால, கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க, கார்டு முன்னாடி போகப் போகத்தான் ஃபிலிம் மூடியைத் தொடணும், மொத்தமா போட்டுட்டு அப்புறம் காத்தைத் தள்ளலாம்னு நினைச்சா காத்து நடுவுல மாட்டிக்கும். அந்தப் பாதி முடிஞ்சதும் டேப்பை எடுத்துட்டு வலது பாதி. டிபியுவை இழுக்காதீங்க, அது இழுபடும், ஆனா இழுத்து ஒட்டினது பழைய அளவுக்குப் போகப் பாக்கும், ஓரம் எழும்பும்.

நடுவுல தூசி மாட்டினா பதறாதீங்க. கிட்ட இருக்கிற ஓரத்தை மெதுவா தூக்கி, செல்லோ டேப் துண்டை விரல்ல பசை வெளிய இருக்கிற மாதிரி சுத்தி, அந்தத் தூசி மேல தொட்டு எடுங்க, ஃபிலிமோட பசையில இருந்தாலும் இதே மாதிரி தொட்டா வந்துடும். பசை முழுசாப் பிடிக்க ஒரு நாளுக்கு மேல ஆகும், அது வரைக்கும் தூக்கித் தூக்கி சரி பண்ணலாம். சின்னச் சின்ன குமிழ் சில நாள்ல தானா அடங்கிடும், அதுக்காக ஊசி எடுத்து குத்தாதீங்க. தூசியால வந்த குமிழ் மட்டும் அடங்காது. கடைசியா மூலையில ஹேர் டிரையரை மிதமான சூட்டுல, தள்ளி வெச்சு, சில நொடி மட்டும் காட்டி விரலால அமுக்குங்க, ஒரே இடத்துல நிறுத்தக் கூடாது, அடியில ஸ்க்ரீன் இருக்கு. ஒரு நாள் பையில வெக்காம மேஜை மேலயே விட்டுடுங்க.

உரிச்சா பசை நிக்குமான்னா, நல்ல டிபியுல பெரும்பாலும் நிக்காது, வேகமா பிடுங்கினா நிக்கும். ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி, ஒரு மூலையைத் தூக்கி, மேல இழுக்காம ஃபிலிமை அது மேலயே மடிச்ச மாதிரி படுக்க வெச்சு மெதுவா இழுங்க. மிச்சம் நின்ன பசைக்கு நீலகிரித் தைலம் ரெண்டு சொட்டு துணியில விட்டுத் தேய்ச்சா அலுமினியத்துல இருந்து வந்துடும், அப்புறம் அந்த ஸ்பிரிட் ஸ்வாப்பால எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுடுங்க. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூணும் கிட்டயே வரக் கூடாது, பட்டன், ஸ்க்ரீன் பார்டர் பிளாஸ்டிக்கெல்லாம் கரைஞ்சுடும்.

பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி அனுப்புங்க. ஓரம் எழும்பினா அதுக்கடியில ஃபெவிக்விக் விட வேணாம், அந்த எழும்பின இடத்தை மட்டும் கத்திரியால வளைவா வெட்டி விட்டா போதும், மிச்சம் அப்படியே நிக்கும்.