பெற்றோருடன் உட்கார்ந்து பார்க்கக்கூடிய தன்பாலின ஈர்ப்புப் படங்கள் எவை?

கேள்வி கேட்டவர் ஒரு பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். எந்தத் தகப்பனும் இதைக் கேட்க மாட்டான். உலகப் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம், அம்மா அப்பா எழுந்து போகாத மாதிரி எது இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சொல்ல வேண்டிய ஒன்றை வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தப்பாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். நான் சோபாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 66 வயது. சொந்த ஊர் பினாங்கு. 17 வயதில் ஜார்ஜ் டவுனில் தமிழ்ப்படம் ஓட்டிய ஒரு தியேட்டரில், டார்ச் அடித்து சீட் காட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்து மாடிக்கு, படம் ஓட்டும் அறைக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு தியேட்டர் மூடும் வரைக்கும் ஆபரேட்டர். ஒரு ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தெரிந்து மறையும். அதைப் பார்த்ததும் இரண்டாவது மெஷினை ஓடவிட வேண்டும்; அடுத்த புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நொடி தப்பினால் கீழே விசில் பறக்கும். தியேட்டர் மூடியதும் லிட்டில் இந்தியாவில் ஒரு விசிடி கடையில் வேலை. ஆக, வாழ்நாள் முழுக்க சினிமாதான் எனக்குச் சோறு போட்டது.

2024 தைப்பூசத்துக்கு மகன் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு அப்போது முப்பது வயது. நாங்கள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்த நேரம். கிள்ளானில் ஒரு பெண், ஈப்போவில் ஒரு பெண். தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து தேர் வீடு திரும்பிய மறுநாள் ராத்திரி, எல்லாருக்கும் கால்வலி. "அம்மா, மம்முட்டி படம் ஒண்ணு பார்க்கலாமா?" என்றான். மம்முட்டி என்றால் எனக்கு 'தளபதி' தேவா. 1991-ல் அந்தப் படத்தை எத்தனை காட்சி ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. சரி போடுடா என்றேன்.

படம் 'காதல் தி கோர்'. 2023-ல் வந்த மலையாளப் படம், ஜியோ பேபி இயக்கியது. மம்முட்டி உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகும் நேரத்தில், இருபது வருஷம் கூட வாழ்ந்த மனைவி விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடுகிறார். மனைவியாக ஜோதிகா. புருஷனுக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு, அது அவருக்குத் தெரிந்தே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. ஒரு இடத்தில்கூட யாரும் கூச்சல் போடுவதில்லை. அந்த வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். நிறைய நேரம் பேசாமலே இருக்கிறார்கள். எங்கள் வீட்டைப் போலவே இருந்தது.

கோர்ட்டில் வயதான அப்பா ஒத்துக்கொள்ளும் இடம் வந்தது. மகனைப் பற்றித் தெரிந்தும் கல்யாணம் செய்துவைத்தவர் அவர்தான். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சே கட்டி வெச்சிருக்கானே பாவி. அந்தப் பொண்ணோட இருபது வருஷத்த யாரு திருப்பிக் குடுக்கிறது?" என்றாள்.

மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, கிள்ளான் பொண்ணு விஷயம் வேண்டாம்மா. நானும் அந்த ஆள் மாதிரிதான்," என்றான்.

படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவன் நிறுத்தவில்லை. மனைவி அவன் கையைப் பிடித்தாளா, தள்ளினாளா என்று நான் பார்க்கவில்லை. மேசை மேல் தேத்தண்ணி குடித்த மூன்று கோப்பைகள் இருந்தன. எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். மூன்று கோப்பையைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? படம் முடியும் வரைக்கும் கழுவினேன்.

நடு ராத்திரிக்கு மேல் பிளாட் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றான். "ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலே இதுதான்.

"கடையில நகைச்சுவை சிடி போடுவீங்களே அப்பா. பொம்பளை மாதிரி நடக்கிறவன அடிப்பாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க அதையே திரும்பப் போட்டுச் சிரிப்பீங்க. நான் டிவியப் பார்க்க மாட்டேன், உங்க முகத்ததான் பார்ப்பேன்."

அப்போது அவனுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். கடை வாசலில் டிவி காலையிலிருந்து ராத்திரி வரை ஓடும். ஆள் கூட்ட வேண்டுமென்றால் நகைச்சுவைதான் போட வேண்டும். பிள்ளையும் சிரிக்கிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சினிமா பார்த்துத்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மகன் பார்த்து வளர்ந்த படம் அத்தனையும் நான் ஓட்டியவை, இல்லையென்றால் நான் விற்றவை. எல்லாவற்றிலும் கதாநாயகன் கதாநாயகியைத்தான் துரத்தினான். சினிமா பிள்ளையை மாற்றும் என்றால் அவன் எப்போதோ மாறியிருக்க வேண்டும். நம் பண்பாட்டில் இதெல்லாம் கிடையாது என்பவர்கள், கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள வருஷா வருஷம் கூடும் திருநங்கைகளை எங்கே வைப்பார்கள்? இப்படிப்பட்டவர்களைத் தண்டிக்கும் சட்டத்தை நமக்குக் கொண்டுவந்து கொடுத்தது வெள்ளைக்காரன். இந்தியா 2018-ல் விட்டது, சிங்கப்பூர் 2022-ல் விட்டது, இங்கே மலேசியாவில் அந்தச் சட்டம், 377ஏ பிரிவு, இன்னும் இருக்கிறது. நான் யாரையும் சட்டத்தை மீறச் சொல்லவில்லை. என் மகன் எங்கே வேலை செய்கிறான் என்பதையும் எழுதப் போவதில்லை. படம் பார்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒவ்வொன்றாகப் படம் அனுப்ப ஆரம்பித்தான். பத்துப் பதினைந்து பார்த்திருப்பேன். சிலது எனக்கு ஒட்டவில்லை, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. ஆனால் மூன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

'மூன்லைட்', 2016. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. மயாமியில் ஒரு கறுப்பினப் பையன். சின்னப் பையன், விடலை, வளர்ந்த ஆள் என்று மூன்று பகுதியாக அவன் கதை போகிறது. மூன்று பேர் நடித்திருக்கிறார்கள், ஆனால் கண் மட்டும் ஒரே கண். சின்னப் பையனாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லைச் சொல்லி அவனை விரட்டுகிறார்கள். நம்மூரில் 'பொண்டான்' என்று கத்துவார்களே, அந்த மாதிரி. அவன் போய் ஒரு பெரியவரிடம், சாப்பாட்டு மேசையில், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறான். அந்த ஆள் போதைப்பொருள் விற்பவர், இந்தப் பையனுடைய அம்மாவும் அதற்கு அடிமை. அப்படிப்பட்ட ஆள் அந்தக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்கிறார்: அது அப்படிப்பட்டவர்களை நோகடிக்கச் சொல்லும் சொல் என்று. அவ்வளவுதான் பதில். அதை நான் நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

அடுத்தது 'குட்பை, டிராகன் இன்', 2003. எடுத்தவர் சாய் மிங் லியாங். தைவான் இயக்குநர் என்று உலகம் சொல்லும், ஆனால் 1957-ல் கூச்சிங்கில் பிறந்தவர். தாத்தா பாட்டி படத்துக்குக் கூட்டிப்போய் வளர்ந்த பிள்ளை. தைப்பேயில் ஒரு பழைய தியேட்டரின் கடைசிக் காட்சி, அதுதான் முழுப்படமும். வெளியே மழை. டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்குக் கால் ஊனம். ஆவியில் வெந்த பாவ் ஒன்றில் பாதியை எடுத்துக்கொண்டு ஆபரேட்டரைத் தேடி மெதுவாகப் படி ஏறுகிறார். அந்தக் காலடிச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். உள்ளே காலி சீட்டுகளுக்கு நடுவில் ஆண்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்கிறார்கள், எழுந்து போகிறார்கள், மறுபடி வருகிறார்கள். பேச்சு அநேகமாகக் கிடையாது. உங்கள் அப்பா அம்மாவுக்கு இது பொறுமையைச் சோதிக்கும், வேண்டாம். எனக்கு மட்டும் அது வேறு படம்.

ஏனென்றால் அந்த ஆண்களை எனக்குத் தெரியும். எங்கள் தியேட்டரிலும் மதியக் காட்சிக்கு வருவார்கள், கடைசி வரிசை. நான் டார்ச் அடித்த காலம் அது. ஒரு நாள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கையை மட்டும்தான். நான் நேராக முகத்தில் டார்ச் அடித்தேன். வேண்டுமென்றே அடித்தேன், முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார். ராத்திரி கூட்டும்போது சீட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார், குதிகால் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பீச் ஸ்த்ரீட் பக்கம் மூட்டை தூக்குகிறவராக இருக்கலாம். ஒற்றைச் செருப்போடு வெயிலில் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்? நான் அதைக் குப்பையோடு வாரிப் போட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தச் செருப்பை நான் நினைத்ததே இல்லை. இந்தப் படம் பார்க்கும்போது நினைத்தேன். அவர்களுக்கு உட்கார வேறு இடம் இல்லை, இருட்டு மட்டும்தான் இருந்தது. மகனிடம் போனில் இதைச் சொன்னேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சொன்னதுக்கு தேங்க்ஸ்ப்பா," என்றான்.

மூன்றாவதும் அதே இயக்குநருடையது, 2006-ல் வந்தது: 'ஐ டோன்ட் வான்ட் டு ஸ்லீப் அலோன்'. முழுக்க நம் கோலாலம்பூரில் எடுத்தது. அடிபட்டுத் தெருவில் கிடக்கும் ஒருவனை வங்காளதேசத் தொழிலாளிகள் ஒரு பழைய மெத்தையோடு தூக்கி வருகிறார்கள். அவர்களோடு இருக்கும் ஒருவன் அவனைக் குளிப்பாட்டி, துடைத்து, தன் பக்கத்திலேயே படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறான். பாதியில் நின்றுபோன கட்டடம், புகைமூட்டம், முகமூடி எல்லாம் நமக்குப் பழகியதுதான். இங்கே முதலில் தடை போட்டார்கள், பிறகு வெட்டி விட்டார்கள். வெட்டுவதைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். வெட்டி ஒட்டிய இடம் மெஷினில் ஏறும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், படம் ஒரு குதி குதிக்கும். கீழே எல்லாருக்கும் தெரிந்துவிடும், இங்கே ஏதோ இருந்தது என்று. 2010-ல் நம் தயாரிப்பாளர் சங்கம், இனி இப்படிப்பட்ட பாத்திரங்களைக் காட்டலாம், ஆனால் கடைசியில் திருந்த வேண்டும் என்று சொன்னது. இந்தப் படத்தில் யாரும் திருந்துவதில்லை. மெத்தையில் படுத்துத் தூங்குகிறார்கள்.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது 'காதல் தி கோர்'. கலைப்படம் என்பதற்காக இல்லை. அதில் உங்கள் அம்மாவுக்கு ஓர் இடம் இருக்கிறது, அப்பாவுக்கும் இருக்கிறது. என் மனைவி மகனைப் புரிந்துகொள்வதற்கு முன்னாலேயே அந்த மருமகளைப் புரிந்துகொண்டாள். கிள்ளான் வீட்டுக்கு மறுநாளே அவள்தான் போன் போட்டு, "மன்னிச்சிருங்க, பையனுக்கு இப்ப கல்யாணம் இல்ல," என்றாள். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. நிலைமை மோசமானால் போய்த் தங்க ஒரு நண்பர் வீட்டை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு போடுங்கள். என் மகனும் அப்படித்தான் பையைக் கட்டி வைத்திருந்தானாம். அதை எட்டு மாசம் கழித்துத்தான் சொன்னான்.

உங்கள் அப்பா பாதியில் எழுந்து போனால் படத்தை நிறுத்தாதீர்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அன்றைக்கு நான் குழாயை மூடிவிட்டு, கையில் சோப்பு நுரையோடு, கதவுக்குப் பின்னால் நின்று கடைசி வரைக்கும் கேட்டேன்.