சீண்டியவரைத் திருப்பி அடித்தேன்: தற்காப்பு ஆகுமா?

கேள்வி: திருமண வரவேற்புகளில் மன்னர் காலப் போர்வீரன் வேடத்தில் வாசலில் நிற்பது என் வேலை. கோவையில் ஒரு மண்டபத்தில், குடித்திருந்த சிலர் தலைக்கவசத்தில் தட்டினார்கள், கவசத்துக்குள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் தலைக்கவசத்தின் நாடாவைப் பின்னாலிருந்து இழுத்ததில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் விட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்று சிரித்தபோது கேடயத்தால் அடித்துவிட்டேன். முன்பல் உடைந்துவிட்டது. கேடயம் ஃபைபர், ஓரத்தில் மட்டும் இரும்புப் பட்டை. போலீஸில் மனு கொடுத்துவிட்டு 75,000 ரூபாய் கேட்கிறார். மன்னிப்புக் கேட்டு அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கம்பெனி அன்றைய சம்பளத்தையும் தரவில்லை. என்னை அவமானப்படுத்தியவர்கள் மீது நான் புகார் கொடுக்க முடியாதா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் புகார் இல்லை. தண்ணீர் ஊற்றியது, தட்டியது, சம்பளப் பாக்கி எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அடித்த நொடியில் நாடா அவர் கையில் இருந்ததா, இல்லையா? வழக்கு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

கழுத்து இறுகிக்கொண்டிருந்தபோது அடித்திருந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் தற்காப்பு உரிமை உங்களுக்கு நன்றாகவே கைகொடுத்திருக்கும். அந்த நேரத்தில் அளந்து பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. ஆபத்து விலகியதும் அந்த உரிமையும் முடிந்துவிடுகிறது. அவர் விட்டுவிட்டார், தள்ளி நின்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு விழுந்த அடி சட்டத்தின் கண்ணில் பழிவாங்கல். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது.

‘பல்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். பிரிவு 116-இன்படி எலும்பு முறிவைப் போலவே பல் உடைவதும் கொடுங்காயம். 117(2) போட்டால் ஏழு ஆண்டு வரை தண்டனை, ஆனால் ஜாமீன் உரிமை உண்டு. அந்த இரும்புப் பட்டையைக் காட்டி ஆபத்தான ஆயுதம் என்று 118(2) போட்டுவிட்டால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். ஜாமீன் எளிதில் கிடைக்காது. அலங்காரக் கேடயம் உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதம் இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. வாதம் எடுபடும் வரை நீங்கள் உள்ளே இருக்க நேரலாம் என்பதுதான் என் கவலை.

என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி வேறு. கோபத்தோடு உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு எதிர்ப் புகார் எழுதுவார்கள். பட்ட அவமானம் முழுவதும் அதில் இருக்கும், கடைசியில் “பொறுக்க முடியாமல் அடித்தேன்” என்று முடியும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதையை வைத்தே விசாரணை நகரும். ‘நாடா இறுகியிருந்தபோது அடித்தேன்’ என்று பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் வாய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம். அதை நீங்கள் போலீஸிடம் சொல்லவில்லை, எதிராளிக்கே அனுப்பியிருக்கிறீர்கள். அது சாட்சியமாக வரும். இனி அவருக்கு ஒரு வார்த்தையும் அனுப்பாதீர்கள். பழையதை அழிக்கவும் கூடாது, ஆதாரத்தை அழித்தது தனிக் குற்றமாகிவிடும்.

கவசம் இன்னொரு வகையிலும் உங்களுக்கு எதிராகப் போகிறது. எத்தனை அடி வாங்கியிருந்தாலும் உடம்பில் தழும்பு இருக்காது. அவருக்கு மருத்துவமனைப் பதிவு இருக்கிறது. நீங்கள் அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போய்க் கழுத்துக் காயத்தை ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்ற காயப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் பேச்சே வேறு. இப்போது உங்களுக்கு இருப்பது வீடியோ மட்டும்தான். மண்டபத்தின் சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும் முன், அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள். கல்யாண வீடியோகிராஃபரிடம் வெட்டாத பதிவையும் வாங்குங்கள். நாடாவை இழுத்த காட்சி கிடைத்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும்.

ஆம், பேரம்தான். சமாதானமாகப் போங்கள் தம்பி. எஃப்.ஐ.ஆர். பதிவாகாமல், மனு ரசீது போட்ட நிலையில்தான் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல நேரம் வராது. பல் சிகிச்சை பில்லைக் கேளுங்கள், 75,000-த்தைக் குறைத்துப் பேசுங்கள். முடிந்தவரை கம்பெனியையும் பங்கு கொடுக்க வையுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் எஃப்.ஐ.ஆர். வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அவர் காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். சமாதானப் பத்திரத்தில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு’ என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால் ஸ்டேஷனில் எழுதும் சமாதானம் மட்டும் போதாது. 117(2) என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். 118(2) என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அந்தச் செலவு அவர் இப்போது கேட்கும் தொகையைத் தாண்டிவிடலாம்.

விசாரணைக்கு வக்கீலோடு போங்கள். அந்தக் கேடயத்தைக் கம்பெனி அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போக விடாதீர்கள். பட்டையைக் கழற்றாமல், பெயின்ட் அடிக்காமல் அப்படியே வையுங்கள். போலீஸ் கேட்டால் கொடுத்துவிட்டு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.